வேலூர் டூ மெட்ராஸ் ஒரு நாள் வேன் டூர்: நல்லா காட்டினாங்க, நம்ம ஊர் கதைய மட்டும் விட்டுட்டாங்க

போன மாசம் ரெண்டாவது சனிக்கிழமை எங்க நைனாவையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு வேலூர்ல இருந்து கிளம்புற ஒரு நாள் மெட்ராஸ் வேன் டூர் போய்ட்டு வந்தேன். பழைய கட்டிடங்க மட்டும் காட்டுற டூர், மால், தீம் பார்க் எதுவும் கிடையாது, அதனாலதான் நைனா வரேன்னே சொன்னாரு. இப்போ இந்த மாதிரி நாலஞ்சு பேர் நடத்துறாங்க, நான் போனது எதுன்னு பேர் போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை எல்லாருக்குமே பொருந்தும்னு நினைக்கிறேன்.

ஆளுக்கு 1600 ரூபா, காலை டிபன், மதியம் சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து. பதினாறு சீட் டெம்போ டிராவலர், நாங்க பதினாலு பேரு. காலைல 5 மணிக்கு கிரீன் சர்க்கிள், அப்புறம் சத்துவாச்சாரி, வாலாஜாபேட்டை டோல்கேட்ல ரெண்டு பேரு ஏறுனாங்க. சொன்ன நேரத்துக்கு வண்டி வந்துச்சு, டிரைவர் அண்ணன் ஒரு இடத்துல கூட வேகமா ஓட்டல, கடைசி சீட்ல உக்காந்த அம்மாவுக்கு முதுகு வலி வரல, அதுவே பெரிய விஷயம். ஸ்ரீபெரும்புதூர் கிட்ட டிபன், பொங்கல் வடை, சூடா இருந்துச்சு. பாத்ரூம் சுத்தமா இருக்கிற இடமா பாத்து நிறுத்துனாங்க, வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

கைடு குடியாத்தத்து பையன், வரலாறு படிச்சவரு, குரல் நல்லா இருக்கு, பொறுமையா சொல்றாரு, நைனா கேட்ட கேள்விக்கெல்லாம் "சொல்றேங்கய்யா"ன்னு நின்னு பதில் சொன்னாரு. அவர் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல.

முதல்ல ஜார்ஜ் கோட்டை. சனிக்கிழமைங்கிறதால தலைமைச் செயலகம் லீவு, கூட்டம் இல்ல. ஆனா செக்கிங் உண்டு, ஆதார் கார்டு கைல வச்சுக்கோங்க, பேக் எல்லாம் திறந்து பாப்பாங்க. வண்டி வெளிய நிறுத்திட்டு கொஞ்ச தூரம் நடக்கணும், முட்டி வலி இருக்கிறவங்க முன்னாடியே சொல்லிடுங்க.

புனித மேரி சர்ச்சுக்குள்ள போனதும் அந்த அமைதி இருக்கே, வெளிய பஸ் சத்தம் ஒண்ணுமே கேக்கல. 1678ல ஆரம்பிச்சு 1680ல முடிச்சிருக்காங்க, சுவரு நாலு அடி தடிமன், மேல கூரை குண்டு விழுந்தாலும் தாங்குற மாதிரி வளைச்சுக் கட்டுன செங்கல் கூரை, மரத்த நம்பி கட்டவே இல்ல. கோட்டைய பிரெஞ்சுக்காரன் முற்றுகை போட்டப்போ உள்ள இருந்தவங்களுக்கு இதுதான் பாதுகாப்பான இடம். சுத்தி தரை முழுக்க கல்லறைக் கல்லுங்க, முதல்ல பாக்குறப்போ நடக்கவே மனசு வரல, அப்புறம் கைடு சொன்னாரு, கல்லறை இருந்த இடம் வேற, இப்போ சட்டக் கல்லூரி இருக்கிற பக்கம், 1758-59 முற்றுகைல பிரெஞ்சுப் படை அந்தக் கல்லறைங்க பின்னாடி மறைஞ்சு நின்னு சுட்டதால முற்றுகை முடிஞ்சதும் கல்ல எல்லாம் பேர்த்து இங்க கொண்டாந்து பதிச்சுட்டாங்கன்னு. இத அவரு சொன்ன விதம் ரொம்ப நல்லா இருந்துச்சு.

இங்க ராபர்ட் கிளைவுக்கு 1753 பிப்ரவரில கல்யாணம் நடந்துச்சுன்னு சொன்னாரு. அதோட அடுத்த இடத்துக்குப் போய்ட்டாரு. அப்போதான் எனக்கு மொத தடவையா ஒரு மாதிரி ஆச்சு. வண்டில இருக்கிற பதினாலு பேரும் வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் ஆளுங்க. கிளைவ் யாரு? 1751ல நம்ம ஆற்காட்டு கோட்டைக்குள்ள அம்பது நாளு முற்றுகைய தாக்குப் புடிச்சு, அதுல கிடைச்ச பேர வச்சுதான் அவன் பெரிய ஆளா ஆனான். ஆற்காட்டுல பாலாத்தங்கரை ஓரம் டெல்லி கேட்டுன்னு ஒரு வாசல் இன்னும் நிக்குது, அந்தப் பக்கம் பஸ்ல போறப்போ எத்தனை தடவை பாத்திருப்போம். அந்த முற்றுகை முடிஞ்சு ஒண்ணரை வருஷத்துல இங்க வந்து மாப்பிள்ளையா நின்னிருக்கான்னு ஒரு வரி சொன்னா எங்களுக்கு அந்த சர்ச்சே வேற மாதிரி தெரிஞ்சிருக்கும். பின்னாடி நின்ன ஆற்காட்டு அம்மா ஒருத்தங்க கிட்ட நான் மெதுவா சொன்னேன், "அய்யோ நம்ம டெல்லி கேட்டா?"ன்னு திரும்பிப் போய் இன்னொரு தடவை உள்ள பாத்துட்டு வந்தாங்க.

கோட்டை மியூசியம். இது 1795ல வியாபாரிங்க கூடுற எக்ஸ்சேஞ்சா கட்டுன கட்டிடம், இதோட உச்சிலதான் மெட்ராஸோட மொத லைட் ஹவுஸே எரிஞ்சுது, 1796ல. இங்க நாப்பது நிமிஷம்தான் கொடுத்தாங்க. பத்தாது, சுத்தமா பத்தாது, ரெண்டு மணி நேரமாவது வேணும். மேல ஒரு அறைல 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்கு விடியக்காலைல இந்தக் கோட்டைல ஏத்துன பட்டுக் கொடி வச்சிருக்காங்க, கண்ணாடிக்குள்ள, வெளிச்சம் ரொம்ப படாம. எங்க நைனா அங்க போய் செருப்பக் கழட்டிட்டு நின்னாரு, யாரும் சொல்லல, அவராவே.

கீழ அப்போ கவர்னர் ஜெனரலா இருந்த காரன்வாலிஸோட சிலை ஒண்ணு இருக்கு, ஆளு உயரத்துக்கு மேல. எல்லாரும் சிலைய பாத்துட்டு போய்டுறாங்க. அடி பீடத்துல செதுக்கியிருக்கிறத பாருங்க. 1792ல திப்பு சுல்தானோட ரெண்டு பசங்கள பிணையா ஒப்படைக்கிற காட்சி. சின்னப் பசங்க. திப்பு 1799ல செத்ததுக்கு அப்புறம் அவரு பிள்ளைங்க, குடும்பம் எல்லாரையும் வெள்ளைக்காரன் கொண்டாந்து எங்க வச்சான்? நம்ம வேலூர் கோட்டைல. நாம ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குப் போறப்போ பக்கத்துல திப்பு மஹால்னு காட்டுவாங்களே, அதுதான். அங்க இருந்தப்போதான் 1806 ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடியே சிப்பாய்ங்க எழுந்தாங்க, கோட்டைல மைசூர் புலிக்கொடி ஏறுச்சு. காரணம் இன்னான்னு பாத்தா நெத்தில குறி வைக்கக்கூடாது, தாடி எடுக்கணும், புது மாதிரி தலைப்பாகை போடணும்னு ஒரு உத்தரவு. அந்த உத்தரவு கிளம்புனது இதே ஜார்ஜ் கோட்டை நிர்வாகத்துல இருந்துதான். ஆற்காட்டுல இருந்து கில்லெஸ்பிங்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப் படையோட வந்து அன்னைக்கே அடக்கிட்டான், நூத்துக்கணக்குல செத்தாங்க. அப்புறம் கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிராடக்கையும் லண்டன்காரன் திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டான். வருஷா வருஷம் ஜூலை 10 மக்கான் பக்கம் நினைவுத் தூணுக்கு மாலை போடுறோம், அந்தக் கதையோட மறுபாதி இந்தக் கட்டிடத்துல இருக்கு, அத வேலூர்ல இருந்து வந்தவங்க கிட்டயே சொல்லாம விட்டா வேற யாருகிட்ட சொல்றது?

நான் கைடு தம்பிகிட்ட தனியா கேட்டேன், "தம்பி, வேலூர் பத்தி இங்க ஏம்பா சொல்லல?" அவரு சொன்னாரு, "அண்ணே, எங்களுக்கு குடுத்திருக்கிற பேப்பர்ல மெட்ராஸ் பத்திதான் இருக்கு, நானா சேத்து சொன்னா நேரம் ஆயிடும்னு கத்துறாங்க." நியாயம்தான், அவரு இன்னா பண்ணுவாரு. ஆனா ஆரம்பத்துல இருந்தே பாருங்களேன், 1639 ஆகஸ்ட் 22ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கு இந்த மணல் துண்ட எழுதிக் குடுத்தவரு தாமர்ல வெங்கடப்ப நாயக்கர், வந்தவாசில இருந்து ஆண்டவரு. அவங்க அப்பா சென்னப்ப நாயக்கர் பேர்லதான் சென்னைன்னு பேரே வந்துச்சுன்னு சொல்றாங்க. வந்தவாசி பழைய வட ஆற்காடு ஜில்லா. மெட்ராஸ் பத்தி பேசுறதே நம்ம ஊர் பத்தி பேசுறதுதான், தனியா சேக்க ஒண்ணுமே இல்ல.

ஹைகோர்ட் வெளிய இருந்துதான் பாத்தோம், சனிக்கிழமை வேற. 1892ல திறந்தது, சிவப்புக் கல்லு, மேல பெரிய கோபுரம் மாதிரி நிக்குதே அதுலதான் 1894ல இருந்து 1977 வரைக்கும் லைட் ஹவுஸ் எரிஞ்சிருக்கு. காம்பவுண்டுக்குள்ளயே அதுக்கு முந்தின லைட் ஹவுஸும் இருக்கு, 1844ல இருந்து எரிஞ்ச ஒத்தத் தூணு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன்காரனோட எம்டன் கப்பல் குண்டு போட்டுச்சே, அதுக்கு இங்க ஒரு கல்வெட்டு இருக்கு. எங்க பாட்டி யாராவது ரொம்ப சாமர்த்தியமா பேசுனா "சரியான எம்டன்டா இவன்"னு சொல்லும், எங்க தெருவுல எல்லாருமே சொல்லுவாங்க, கப்பல் பேருன்னு அம்மாவுக்கு இப்போதான் தெரிஞ்சுது. இங்க கைடு நல்லா சொன்னாரு.

இனிமே சொல்லப்போறதுதான் எனக்கு இந்த டூர்லயே முக்கியமான இடம், ஆனா இது அவங்க லிஸ்ட்லயே கிடையாது. ராயபுரம் ஸ்டேஷன்.

எங்க நைனா பொறந்தது வாலாஜாபேட்டை. அவங்க அப்பா, எங்க தாத்தா, "தெக்கத்தி நாட்டுலயே மொத ரயிலு நம்ம ஊருக்குதாண்டா வந்துச்சு"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாராம். பள்ளிக்கூடத்துல சொன்னா பசங்க சிரிப்பாங்களாம், வாலாஜா ரோடு ஸ்டேஷன பாத்தா அப்படியா தெரியுது, ஊருக்குத் தள்ளி சின்னதா இருக்கும். ஆனா அது உண்மை. பம்பாய்ல 1853ல மொத ரயில் ஓடுச்சு, அதுக்கு மூணு வருஷம் கழிச்சு 1856 ஜூலை 1 அன்னைக்கு தென்னிந்தியாவோட மொத பயணிகள் ரயில் ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடுக்குதான் கிளம்புச்சு, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். அப்போ சென்ட்ரல் ஸ்டேஷனே கிடையாது, அது வந்தது 1873ல. பம்பாய்ல, தானால அந்த மொத ஸ்டேஷன் கட்டிடங்க இப்போ இல்ல, அதனால இந்தியாவுல இன்னும் நிக்கிற ஸ்டேஷன் கட்டிடங்கள்ல ராயபுரம்தான் ரொம்ப பழசு.

ஹைகோர்ட் முடிஞ்சு வண்டி மெரினா பக்கம் திரும்பப் போச்சு, நைனா எழுந்து டிரைவர் கிட்ட போய், "தம்பி, ராயபுரம் இங்கிருந்து கிட்டதானப்பா, ஒரு பத்து நிமிஷம் காட்டிட்டு போயிடேன்"ன்னு கேட்டாரு. கைடு போன்ல யார்கிட்டயோ பேசுனாரு, பேசிட்டு சரின்னாரு. அந்த மனசுக்கு அவங்களுக்கு நன்றி, உண்மையாவே.

முன்னாடி வரிசையா உயரமான தூணுங்க, மேல இலை இலையா வேலைப்பாடு, ஸ்டேஷன் மாதிரியே இல்ல, ஏதோ மாளிகை மாதிரி. ஆனா சுத்தி பாத்தா ஆள் நடமாட்டம் கம்மி. நைனா ஒரு தூண கையால தொட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாரு. "எங்கப்பன் சொன்னது பொய் இல்லடா"ன்னு சொன்னாரு. 68 வயசு அவருக்கு. வண்டில வந்த எல்லாரும் இறங்கி வந்துட்டாங்க, வாலாஜால ஏறுன ரெண்டு பேரு அவருகிட்ட வந்து கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க, பத்து நிமிஷம் இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு, யாரும் சலிச்சுக்கல. இத லிஸ்ட்ல சேக்காம எப்படி வேலூர்ல இருந்து டூர் நடத்துறாங்கன்னு எனக்கு இப்பவும் புரியல.

மதியம் சாப்பாடு திருவல்லிக்கேணில, மெஸ் சாப்பாடு, சுமார்தான். கீரையும் ரசமும் நல்லா இருந்துச்சு, சாம்பார்ல தண்ணி அதிகம். உக்கார இடம் கிடைக்க அரை மணி நேரம் நின்னோம், பதினாலு பேரு வராங்கன்னு முன்னாடியே சொல்லி வச்சிருக்கலாம். இது அவங்க பக்கம் தப்பு.

அப்புறம் சேப்பாக்கம் அரண்மனை. உள்ள விட மாட்டாங்க, அரசு ஆபீஸுங்க. ரோட்டுல வண்டிய ஓரங்கட்டி ஜன்னல் வழியாதான் காட்டுனாங்க, அதுவும் மூணு நிமிஷம், கிரிக்கெட் ஸ்டேடியம் இங்க இருக்குன்னு அத காட்டுன நேரம் அதிகம். இதுதான் எனக்கு உண்மையாவே வருத்தம். சேப்பாக்கத்துல இருந்தவரு யாரு, ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா. வாலாஜாபேட்டை அவரு பேரு, ஸ்டேடியத்துக்கு முன்னாடி போற வாலாஜா ரோடும் அவரு பேருதான், ஒரே ஆளு. ஆற்காடு மேல எப்போ படை வரும்னு தெரியாத காலம், கம்பெனி பீரங்கி நிழல்ல இருக்கலாம்னு கடலோரம் வந்து 1768ல இந்த அரண்மனைய எழுப்புனாரு, பால் பென்பீல்டுங்கிற கம்பெனி ஆளு கட்டினதா சொல்றாங்க. அதே பென்பீல்டு நவாபுக்கு வட்டிக்கு கடன் குடுத்தவன். சண்டைக்கும் பகட்டுக்கும் வாங்குன கடனு ஏறி ஏறி, அதுக்கு ஈடா வரி வசூல எழுதிக் குடுத்து, 1801ல கர்நாடிக்னு சொன்ன நவாப் சீமை மொத்தமும் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. நம்ம வட ஆற்காட்டு வயல்ல விளைஞ்ச நெல்லுக்கு வாங்குன வரிதான் அந்த வளைவும் மினாரும். கடைசி நவாப் 1855ல இறந்ததும் வாரிசு இல்லன்னு பட்டத்த எடுத்துட்டு, 1859ல அரண்மனையவே ஏலத்துல விட்டு சர்க்காரே வாங்கிக்கிச்சு. அரண்மனைல இருக்கிற கலஸ் மஹால், ஹுமாயூன் மஹால் ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற கோபுரம் அப்புறம் சிஷோம்ங்கிற வெள்ளைக்கார கட்டிடக் கலைஞர் கட்டுனது. கலஸ் மஹால் 2012 ஜனவரில தீப்பிடிச்சு எரிஞ்சப்போ டிவில பாத்தோமே, அத திரும்ப சுண்ணாம்பு வச்சே பழைய மாதிரி கட்டி எழுப்பி இப்போ பசுமை தீர்ப்பாயம் நடக்குது. குவிமாடம், வளைவுன்னு நம்ம ஊர் பாணியையும் வெள்ளைக்கார பாணியையும் கலந்து கட்டுற இந்தோ சாரசெனிக் பாணிக்கு இதுதான் முன்னோடின்னு சொல்றாங்க, அப்புறம்தான் சென்னை முழுக்க, பிரெசிடென்சி பக்கத்துல செனட் ஹவுஸ்ல இருந்து ஹைகோர்ட் வரைக்கும் குவிமாடமா முளைச்சுது. இவ்ளோ கதைக்கு மூணு நிமிஷம்.

பக்கத்துலயே திருவல்லிக்கேணி பெரிய மசூதி, அதுவும் வாலாஜா பள்ளிவாசல்தான், 1795. முழுக்க கருங்கல்லு. உள்ள பாரசீக மொழில கட்டுன வருஷத்த சொல்ற கல்வெட்டுப் பாட்டு இருக்கு, அத எழுதுனவரு ஒரு இந்து, ராஜா மக்கன் லால். வெளிய நின்னுதான் பாத்தோம், தொழுகை நேரம். ஆற்காடு பிரின்ஸ் குடும்பம் இருக்கிற அமீர் மஹால் ராயப்பேட்டைல இருக்கு, வழில காட்டவே இல்ல.

ஐஸ் ஹவுஸ், லைட் ஹவுஸ், சாந்தோம், கபாலி கோவில் எல்லாம் சாயங்காலத்துக்குள்ள முடிச்சாங்க. ஐஸ் ஹவுஸ் 1842ல அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வர ஐஸ் கட்டிய வைக்கக் கட்டுன கட்டிடம், 1897ல விவேகானந்தர் ஒம்பது நாள் தங்கியிருக்காரு. லைட் ஹவுஸ்ல லிப்ட் இருக்கு, அம்மா கூட ஏறிட்டாங்க, மேல நின்னு பாத்தா காலைல இருந்து பாத்த கட்டிடம் எல்லாம் ஒரே வரிசைல கடல் பாத்து நிக்கிறது தெரியுது, இத கடைசில வச்சது நல்ல யோசனை. சாந்தோம் சர்ச் இப்போ இருக்கிறது 1896ல முடிச்சது, வெள்ளை வெளேர்னு, உள்ள கண்ணாடி ஜன்னல்ல சாயங்கால வெயில் விழுறப்போ பாக்கணும். கபாலீஸ்வரர் கோவில்ல கூட்டம், தரிசனம் ஆச்சு, குளத்தங்கரைல உக்காந்து காபி.

ராத்திரி பத்தே முக்காலுக்கு கிரீன் சர்க்கிள்.

போலாமான்னு கேட்டா கண்டிப்பா போங்க. 1600க்கு வண்டி, டிரைவர், கைடு மூணுமே நல்லா இருந்துச்சு, தனியா காரு வச்சுக்கிட்டு போனா டீசலும் டோலும் பார்க்கிங்குமே அதுக்கு மேல போயிடும். வெள்ளிக்கிழமை மட்டும் வேணாம், கோட்டை மியூசியம் லீவு. தொப்பி, தண்ணி பாட்டில், ஆதார் எடுத்துக்கோங்க. பசங்கள கூட்டிட்டுப் போறவங்க அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வேலூர் கோட்டைக்கும் ஆற்காடு டெல்லி கேட்டுக்கும் ஒரு நடை கூட்டிட்டுப் போய்டுங்க, அப்புறம் ஜார்ஜ் கோட்டைல அந்த சிலை பீடத்த காட்டுனா தானா கேள்வி வரும்.

திரும்பி வந்த மறுநாள் டூர் நடத்துறவருக்கு போன் பண்ணி இதெல்லாம் சொன்னேன். ராயபுரத்த லிஸ்ட்ல சேருங்க, மியூசியத்துக்கு நேரம் கூட்டுங்க, சேப்பாக்கத்துல வண்டிய நிறுத்தி இறங்கி நின்னு வாலாஜா கதைய சொல்லுங்க, வேணும்னா எங்க நைனா வந்து அந்த கைடு தம்பிக்கு வாலாஜா ரோடு பத்தி சொல்லித் தருவாருன்னும் சொன்னேன். பொறுமையா கேட்டாரு, அடுத்த மாச டிரிப்ல ராயபுரத்துல இருந்தே ஆரம்பிக்கிறோம்னு சொன்னாரு. அந்த டிரிப் போறவங்க யாராவது இருந்தா, ராயபுரத்துல நிறுத்துனாங்களா, எவ்ளோ நேரம் நிறுத்துனாங்கன்னு இங்க எழுதுங்க, நைனா தினமும் கேட்டுக்கிட்டு இருக்காரு.